சரி செய்த பெட்டி

ஜனவரி 6, 2025. திங்கள். பாபநாசம்.

காலை முழுக்க உர விளம்பரத்துக்கு மெட்டு. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி இங்கிருந்து குடவாசல் வரை ஓட்டப் போகிறார்களாம். கடைக்காரர் ஃபோனிலேயே பாடிக் காட்டினார், ‘இந்த மாதிரி குத்தா இருக்கணும் மேடம்’ என்று. அவர் பாடியதில் ஓரிடத்தில் குரல் ‘ச’வுக்கு மேலேயும் ‘ரி’க்குக் கீழேயுமாகப் போய் அப்படியே நின்றது. தெரிந்து அங்கே நின்றிருந்தால் அந்த மனுஷனுக்கு விளம்பரத்தை இனாமாகவே போட்டுக் கொடுத்திருப்பேன்.

மத்தியானம் விழாக்காரர் இளஞ்செழியன் போஸ்டர் அனுப்பியிருந்தார். ‘தஞ்சையில் ஒரு சூஃபி மாலை’. நடுவில் முக்காடு போட்ட என் படம், பின்னால் ஏதோ மினாரா, புகை. நான் என்றைக்குச் சூஃபி என்று சொன்னேன்? பேர் அனீஸா, முன்னால் ஆர்மோனியம், முடிந்தது கதை. கூப்பிட்டுக் கேட்டேன்.

‘சார், அது சூஃபி இல்லைங்க.’

‘தெரியும்மா. ஆனா ஜனங்களுக்கு ஒரு பிடி வேணும்ல.’

‘கேட்டுட்டுப் பிடிச்சுக்கட்டும்.’

‘அப்ப நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுங்க, என்ன இசைன்னு.’

எழுத உட்கார்ந்து எரிச்சல்தான் மிச்சம். இங்கே எழுதிப் பார்க்கிறேன். கீபோர்டில் ‘ச’வுக்கும் ‘ரி’க்கும் நடுவே ஒரே ஒரு கருப்புக் கட்டைதான். ஆனால் வாயால் ‘ச’விலிருந்து ‘ரி’க்கு மெதுவாகப் போய்ப் பாருங்கள், வழி முழுக்க இடம் இருக்கிறது. அந்த இடங்களில் குடியிருந்து பாட்டுக் கட்டுவதுதான் என் வேலை. என் ஆர்மோனியப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீட், அதாவது இரண்டு பித்தளை நாக்கு. ஒன்று ஊர் சொல்லும் இடத்தில் நிற்கும். இன்னொன்றை நான் அரத்தால் ராவி நூலிழை தள்ளி நிறுத்தியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒன்றோடொன்று உரசி ஓர் அலை எழும். ஒவ்வொரு கட்டையிலும் அலைக்கு ஒவ்வொரு வேகம். அந்த அலைகளைக் கோத்துக் கட்டியதுதான் ‘ஊடு’. நெல் தலைசாய்ந்து நிற்கும்போதே அதன் ஊடே உளுந்து தெளிப்பார்களே, அந்த ஊடு.

இது இரண்டு வரி இல்லை. இளஞ்செழியன் படிக்க மாட்டார்.

நிகழ்ச்சி பிப்ரவரி எட்டாம் தேதி, தஞ்சாவூரில். சென்னையில் ஒரு மாடி அறையில் இதைக் கேட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு வெளிநாட்டு வானொலியில் போட்டிருக்கிறார்கள். இந்த ஜில்லாவில் ஒரு ஆள்கூட உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை. இங்கே எனக்கு ஒரே பெயர்தான்: சுருதி போன பெட்டியை வைத்துக்கொண்டு மாரடிக்கிற பெண். பாட்டே கூடாது என்று சொல்கிற ஆட்கள்கூட ‘பெட்டிய முதல்ல சரி பண்ணச் சொல்லுங்க’ என்றுதான் அம்மாவிடம் சொல்கிறார்கள். எட்டாம் தேதி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். அதற்கப்புறம் பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 7.

போஸ்டர் மாறிவிட்டது. ‘சோதனை இசை’. புதுமுயற்சி என்ற அர்த்தத்தில் போட்டிருக்கிறார். ஊருக்கு அந்த வார்த்தையில் வேறு சோதனைதான் ஞாபகம் வரும்.

ஜனவரி 9. வியாழன்.

முபாரக் அண்ணன் லீவில் வந்துவிட்டான். துபாயில் ஏசி மெக்கானிக். ஒரு பொருள் ஒழுங்கில்லாமல் கிடப்பதை அவனால் பார்க்கவே முடியாது. கொண்டுவந்த பயணப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டான். அந்தக் கீல் இரண்டு சுரத்துக்கு நடுவே அழகாக வழுக்கும், போன வருஷமே பதிவு பண்ணி வைத்தது நல்லதாகப் போயிற்று. அப்புறம் சமையலறைக் குழாய், மாடித் தொட்டி, அம்மாவின் மிக்ஸி. அம்மா பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது கேட்டான்.

‘என்னமோ தஞ்சாவூர்ல வாசிக்கிறியாமே. என்ன பாட்டு?’

‘ஊடு.’

‘ஊடா? நம்ம ஊட்டைப் பத்தியா?’

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ‘உன் மாப்பிள்ளை விஷயத்தையும் இந்த லீவுலயே சரி பண்ணிடணும் அனீசு’ என்றான். எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, அது முடிந்தும் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவனுக்கு நான் ஒழுகும் குழாய்.

ஜனவரி 13.

கும்பகோணத்திலிருந்து கவிப்ரியா வந்தாள். ‘ஊடு’வில் அவள்தான் குரல். நல்ல குரல், ஆனால் பயிற்சி அதிகம். நான் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் குரல் தானாக நகர்ந்து ஊர் சுரத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

‘அங்க நில்லு கவி. போகாதே.’

‘போகலக்கா. அதுவா போகுது. தப்பு பண்ற மாதிரியே இருக்கு. எங்க டீச்சர் கேட்டாங்கன்னா தலையில குட்டுவாங்க.’

‘நீ நிக்கலைன்னா நான் குட்டுவேன்.’

சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் கொஞ்சம் கடுமைதான். இருந்துவிட்டுப் போகிறேன். மென்மையாகச் சொன்னபோது எவன் கேட்டான்?

ஜனவரி 16.

உர விளம்பர ரெக்கார்டிங்குக்குச் சென்னை கிளம்புகிறேன். வழியில் வயலெல்லாம் உளுந்து தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு திரும்பிவிடுவேன்.

ஜனவரி 19. ஞாயிறு.

சரி பண்ணிட்டானாம்.

சரி பண்ணிட்டானாம். எவன் கேட்டான்? யாரு கேட்டா உன்னை?

எழுத முடியல.

ஜனவரி 20. திங்கள்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் என் பெட்டி. வார்னிஷ் அடித்துப் பளபளவென்று. பக்கத்தில் முபாரக், முகமெல்லாம் பல். அம்மா ரசியா பேகம் கையில் பாயசக் கிண்ணத்தோடு. கல்யாண வீடு மாதிரி இருந்தது.

‘வாசிச்சுப் பாரு’ என்றான்.

வார்னிஷ்தானே என்று நினைத்து உட்கார்ந்தேன். துருத்தியை இழுத்து ஒரு கட்டையை அழுத்தினேன். அலை இல்லை. அடுத்தது. இல்லை. கீழிருந்து மேல்வரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். எல்லாம் நேராக, வழவழவென்று, செத்துக் கிடந்தன.

‘என்ன பண்ணே?’

‘கும்பகோணத்துல ரெங்கசாமின்னு ஒருத்தர், ஆர்மோனியத்துல பெரிய கை. நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அங்கேயே உக்காந்து வாங்கிட்டு வந்தேன். எல்லா ரீட்டையும் சரி பண்ணியாச்சு.’

அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவனை மட்டும் இல்லை, அவன் பட்டறைப் பையை, அவன் துபாயை, அவன் தொட்ட குழாயை எல்லாவற்றையும் திட்டினேன். ‘சுருதி போயிருந்துச்சேம்மா’ என்று மட்டும் ஒருதரம் சொன்னான். பாயசக் கிண்ணத்தை நான் தட்டிவிடவில்லை. அம்மா அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கை பட்டது.

இரண்டு பழைய பெட்டிகளைப் பாழாக்கிய பிறகுதான் எனக்கு ரீட் ராவக் கை படிந்தது. இந்தப் பெட்டி மூன்றாவது. வருஷக்கணக்கில் கொஞ்சம் ராவி, கேட்டு, ஒரு வாரம் விட்டு, மறுபடி கேட்டு, மறுபடி ராவி. ஒரு நாக்கில் நுனியை ராவினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் பித்தளை குறையும். போன பித்தளை திரும்பி வராது. அந்த ரெங்கசாமி எவ்வளவு எடுத்திருக்கிறானோ.

சாயந்திரம் அவருக்கு ஃபோன் போட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மனுஷன் பெருமையாகச் சொன்னார். ‘பொட்டி நல்ல பொட்டிம்மா. எவனோ வெவரம் கெட்டவன் அரத்தை வச்சுக் கண்டபடி ராவிட்டான். ஒவ்வொண்ணா எடுத்துச் சரிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள உசிரு போயிடுச்சு.’

அந்த வெவரம் கெட்டவன் நான்தான் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜனவரி 21. செவ்வாய்.

எதிர்வயல் குணசேகரன் வரப்பில் நின்றுகொண்டே குரல் கொடுத்தார்: ‘தங்கச்சி, பொட்டி சரியாயிடுச்சு போலருக்கே. ஞாயித்துக்கிழமை கேட்டேன், காதுக்கு எதமா இருந்துச்சு.’

இருக்கிற பெட்டியை அவர் வயலிலேயே கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்று பார்க்கிறேன். உளுந்தோடு முளைக்கட்டும்.

ஜனவரி 21, சாயந்திரம்.

சரி. இந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ச, ரி. பாட்டுக் கற்றுக்கொள்ளும் எந்தப் பிள்ளையும் முதலில் வாயைத் திறந்து சொல்லும் இரண்டு எழுத்து. என் மொத்தப் பிழைப்பும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இவர்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டி ஒரே வார்த்தையாக்கி, நடுவில் ஊசி நுழைய இடமில்லாமல் பண்ணிவிட்டார்கள். சரி பண்ணு, சரியா இரு, சரியாப் போச்சு, சரி விடு. வீட்டில் ஒருநாளைக்கு எத்தனை தடவை அந்த வார்த்தை காதில் விழுகிறது, இத்தனை நாளாக எனக்கு உறைக்கவே இல்லை.

இனி என் வாயால் அதைச் சொல்லப் போவதில்லை. சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

ஜனவரி 23.

நானே அரத்தை எடுத்தேன். கோபத்தோடு அரத்தைத் தொடக்கூடாது, அது எனக்கே தெரியும். கீழ் ‘ரி’யின் இரண்டாவது நாக்கில் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நான் ராவி, ரெங்கசாமி ராவி, காகிதம் மாதிரி ஆகியிருந்தது. டிக் என்று ஒரு சத்தம். முறிந்து மடியில் விழுந்தது.

‘ரி’. எல்லாம் விட்டு ‘ரி’. ‘ஊடு’ தொடங்குவதே அங்கேதான்.

அழவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முபாரக் கொல்லையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். நான்கு நாளாக அவனிடம் பேசவில்லை. இனியும் பேசுவதாக இல்லை.

ஜனவரி 24. வெள்ளி.

இளஞ்செழியனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ‘ஆர்மோனியம் ரிப்பேராகி ரெடியாயிடுச்சு, அதனால உங்களால வாசிக்க முடியாது. அப்படித்தானே?’

‘ஆமாங்க. அப்படித்தான்.’

‘ஏதாவது தெரிஞ்ச ராகத்தை வாசிச்சுடுங்களேன் மேடம். இல்ல, அடுத்த வருஷம் வச்சுக்கலாமா?’

அடுத்த வருஷம். எனக்கு நன்றாகத் தெரியும் அடுத்த வருஷம் என்றால் என்ன என்று. வாசிக்கிறேன், எட்டாம் தேதியே வாசிக்கிறேன், மாற்றாதீர்கள் என்று கத்திவிட்டு வைத்தேன். எதை வைத்து வாசிக்கப் போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் இந்த அலைகளை ஐந்து நிமிஷத்தில் உண்டாக்கலாம். அதில் காற்று இல்லை. துருத்தியை இறுக்கினால் அலை இறுகும், தளர்த்தினால் தளரும், ‘ஊடு’வே அந்தக் காற்றில்தான் ஓடுகிறது.

ஜனவரி 26.

அம்மா இன்று பிடித்துக்கொண்டாள்.

‘அவன் உன் பெட்டிய கெடுத்தான். நீ அவன் லீவைக் கெடுக்கிறே. ரெண்டுக்கும் சேத்து நான் கெடக்கேன் நடுவுல.’

‘வேணும்னு நான் பண்ணலம்மா.’

‘அவன் மட்டும் வேணும்னா பண்ணான்?’

‘கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்ல.’

‘ஏன் பண்ணான்னு நீயும் கேக்கலாம்ல.’

ஏன் பண்ணினான் என்று எனக்குத் தெரியாதா? அவன் கைக்கு அரிப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் திருகிவிட வேண்டும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஜனவரி 27. திங்கள்.

காலையில் கீபோர்டு கிளாஸ் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், முபாரக் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவனுடைய சின்ன அரங்கள் எல்லாம் துணியில் வரிசையாக. கண்ணில் பூதக்கண்ணாடி. எனக்கு வந்ததே பாருங்கள் ஆத்திரம் – வாயைத் திறப்பதற்குள் அவன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

‘எவ்வளவு கெடுக்கணும், சொல்லு.’

பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

‘எனக்கு ஒரு எழவும் கேக்கல அனீசு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு எனக்கு. ஆனா ராவச் சொன்னா ராவுவேன். காப்பர் ட்யூப்ல இதைவிடப் பொடி வேலையெல்லாம் பண்ற கை. நீ கேளு, தலையாட்டு, நிறுத்துறேன். முன்னாடி எப்படிக் கெட்டிருந்துச்சோ அப்படியே கெடுத்துத் தர்றேன்.’

‘அது கெட்டிருக்கல.’

‘அதான், அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.’

பேசமாட்டேன் என்று இருந்தவள், இதற்குப் பதில் சொன்னதே பேசிவிட்ட மாதிரிதான் ஆயிற்று. எதிரே உட்கார்ந்தேன். ஒரு நாக்கை எடுத்தான். இரண்டு இழுப்பு, நான் கேட்டேன். ஒரு இழுப்பு, கேட்டேன். அலை மெல்ல எழுந்து வந்தது. தலையாட்டினேன். நிறுத்தினான். அடுத்ததை எடுத்தான். மத்தியானச் சோற்றுக்கு அம்மா கூப்பிடும்வரை இப்படியே போயிற்று.

நல்ல கை. ஒத்துக்கொள்ள எரிகிறது, ஆனால் என் கையைவிட நிதானம்.

ஜனவரி 29. புதன்.

மூன்றாவது நாளாக ராவுகிறோம். எதிர்வயலில் கதிர் அறுக்கும் மிஷின் இறங்கிவிட்டது, அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது என்று கொல்லைப்பக்க அறைக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். இன்று நான் கேட்டேன். அம்மா சொன்னதற்காக இல்லை, தானாக வாயில் வந்தது.

‘ஏண்ணே பண்ணே?’

அவன் அரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘வந்த மறுநாள் ஜும்மா முடிஞ்சு வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன். நாலஞ்சு பேரு. உன் தங்கச்சி தஞ்சாவூர்ல மேடை ஏறப் போவுதாமே, பொட்டி சுருதி போயி நாளாச்சே, அது காதுக்குத் தெரியலையா, யாரும் சொல்றதில்லையான்னு சிரிச்சானுவ. எனக்கு அங்கேயே சுருக்குன்னு ஆயிடுச்சு. மேடையில உக்கார வச்சு ஊரே சிரிச்சா என்ன பண்றதுன்னு…’

ஒரு நாக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஊதினான்.

எனக்குக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது. அந்த நாலைந்து பேர்மேல் போயிற்று. அப்புறம் திரும்பி இவன்மேலேயே வந்தது. அவர்கள் சிரித்தபோது, என் தங்கச்சிக்குத் தெரியும் அவ என்ன பண்றான்னு, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் காதைவிட ஊர்வாயை நம்பினாயே. இதைச் சொல்லவும் சொன்னேன்.

‘ஆமா’ என்றான். அவ்வளவுதான். ஏதாவது எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 1. சனி.

முறிந்த ‘ரி’யைத் தவிர எல்லாம் திரும்பிவிட்டன. அப்படியே இல்லை. இரண்டொரு கட்டையில் அலை முன்பைவிட வேகம், ஒன்றில் ரொம்பச் சோம்பல். அதற்குத் தக்கபடி பாட்டில் இரண்டு இடங்களை மாற்றி எழுதினேன்.

‘ரி’க்கு முபாரக் கும்பகோணம் போய் ரெங்கசாமியிடம் ஒரு ரீட் வாங்கி வந்தான். அந்த அளவில் அவரிடம் இருந்ததே ஒன்றுதான். ஊர் சுரத்தில் கச்சிதமாக நிற்கிறது. முபாரக் அரத்தை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

‘ஏன்?’

‘முறிஞ்சா வேற இல்ல. விட்டுடு.’

‘அப்ப அந்த எடத்துல அந்த ஒம் வராதே.’

ராவும்போது அலைக்கு நான் சொன்ன பேர், அது காதில் விழாத அவன் வாயிலிருந்து: ‘அந்த ஒம்’. ‘வராது’ என்றேன். எரிச்சல் தாங்கவில்லை. மொத்தப் பெட்டியிலும் அந்த ஒரு கட்டை மட்டும் நேராக, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தொடக்கத்திலேயே.

பிப்ரவரி 2.

யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாக்கு உரசினால்தான் அலை என்று யார் சொன்னது? ஒரு நாக்கும் ஒரு தொண்டையும் உரசினாலும் வரும். பெட்டி ‘ரி’யில் நேராக நிற்கட்டும். கவி அதற்கு நூலிழை கீழே வந்து நிற்க வேண்டும். நகராமல். தொடக்கத்திலேயே, தனியாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ஃபோனில் சொன்னேன். ‘அக்கா, அங்கதான் நான் எப்பவுமே நழுவுவேன்’ என்றாள்.

‘தெரியும்’ என்றேன்.

பிப்ரவரி 4. செவ்வாய்.

முபாரக் கிளம்பிவிட்டான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். லீவு நீட்டிக் கேட்டானாம், கிடைக்கவில்லையாம். உள்ளே போகும்முன் சொன்னான்: ‘நல்லபடியா வாசி. எவனாவது சிரிச்சான்னா பேரைக் கேட்டு வை.’ மாப்பிள்ளை பேச்சை இந்தத் தடவை எடுக்கவே இல்லை. பயம் இருக்கட்டும்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று வரும்வழியில் என்னையே கேட்டுப் பார்த்தேன். தீரவில்லை. வீட்டில் அவன் இல்லாதது அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 6.

கவி இன்றைக்கும் நழுவினாள். நான் குட்டவில்லை.

பிப்ரவரி 9. ஞாயிறு.

நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

இளஞ்செழியன் என்னை அறிமுகப்படுத்தினார். ‘நம் முன்னோர் அன்றே அறிந்த அறிவியல்’ என்றார். நான் மைக்கை வாங்கி, ‘இது முன்னோர் இல்லைங்க, நான். போன வருஷம் எழுதினது’ என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பேரைக் கேட்கவில்லை.

அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மா முன்வரிசையில் புதுப்புடவை சரசரக்க. குணசேகரன்கூட வேட்டி கட்டி வந்திருந்தார், அறுவடையை முடித்த கையோடு. துருத்தியை இழுத்தேன். ‘ரி’. நேராக, தனியாக, சுத்தமாக. எல்லோர் முகத்திலும் நிம்மதி. அட, பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவி மூச்சு எடுத்தாள். முதலில் அதே ‘ரி’யில் வந்து உட்கார்ந்தாள். போச்சு என்று நினைத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, படி இறங்குகிற மாதிரி இல்லை, தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி, மெல்ல இறங்கினாள். நின்றாள். அலை வந்தது. மைக் பார்க்கிற ஆள் எங்கோ இரைகிறது என்று ஓடிவந்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். இரண்டாம் வரிசையில் ஒருவர் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். கவி நகரவில்லை. என் உள்ளங்கை வேர்த்துத் துருத்தி வழுக்கியது. அவள் நகரவே இல்லை.

இத்தனை வருஷம் இரண்டு நாக்கையும் பெட்டிக்குள்ளேயே உரச விட்டிருந்தேன். கேட்கிறவர்களுக்கு அது பெட்டியின் கோளாறாகத்தான் பட்டிருக்கும். நேற்று பெட்டி ஒரே இடத்தில் ஆடாமல் நின்றதால், ஒரு பெண் அதை விட்டு வேண்டுமென்றே தள்ளி நிற்கிறாள் என்பது அரங்கு முழுக்கக் கேட்டது. இதை முபாரக்கிடம் ஒருநாளும் சொல்லப் போவதில்லை.

நடுவில் கால்வாசிப் பேர் எழுந்து போனார்கள். நாற்காலியைத் தள்ளுகிற சத்தமெல்லாம் எனக்குத் தெரிகிறது, வாசிக்கும்போது காது இன்னும் கூர்மையாகிவிடுகிறது. போகிறவர்கள் மெதுவாகவாவது போகக் கூடாதா? மிச்சப் பேர் முழுசாக உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, ‘பெட்டியை ஒரு தடவை நல்ல ஆளிடம் காட்டுங்கம்மா’ என்றார். காட்டியாச்சுங்க என்றேன். குணசேகரன் வெளியே நின்றிருந்தார். ‘பிடிச்சுதான்னு கேக்காத தங்கச்சி’ என்றார். ‘மொதல்ல பாடுன பொண்ணு எறங்குச்சு பாரு, அப்ப வவுத்துல என்னமோ பண்ணுச்சு. அது எப்படி?’

பதில் சொல்ல ஆரம்பித்து, ஒரே காரில் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் பாதியிலேயே தூங்கிவிட்டார் என்று அம்மா சொல்கிறாள்.

பிப்ரவரி 10.

உரக்கடைக்காரர் கூப்பிட்டார். விளம்பரம் பிரமாதமாம். அதில் ஒரே ஓரிடத்தில் மட்டும் ‘ஏதோ ஒரு மாதிரி இழுக்குதே மேடம், அதை மட்டும்…’ என்றார். அது அவர் பாடிய இடம்தான். நான் அப்படியே வைத்திருந்தேன். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 17. திங்கள்.

சோற்றுக்கு உலை வைத்திருந்தபோது முபாரக் ஃபோன். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னானாம். பின்னால் ஒரே காற்றிரைச்சல், ஏதோ மொட்டைமாடியில் நிற்கிறான்.

‘அனீசு, காலையில ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு. மொட்டமாடியில ரெண்டு ஏசி யூனிட்டு, பக்கத்துல பக்கத்துல. கீழ்வீட்டுல தூங்க முடியல, ஒரே சத்தம்னு. ஏறிப் பார்த்தா ஒண்ணு கொஞ்சம் ஒதுங்கி ஓடுது. ஒம்… ஒம்முனு. உன் பெட்டியேதான்.’

‘ம்.’

‘எத்தனை வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன். மவுண்டிங் லூசு, ஃபேன் கோளாறுன்னு ஸ்பேனரை எடுத்துடுவேன். இன்னைக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம நின்னுட்டேன். கூட வந்த பையன், என்ன பாய் ஆச்சுன்னு கேக்குறான்.’

‘கேட்டுச்சா உனக்கு?’

‘கேட்டுச்சு. நல்லா இருக்கான்னெல்லாம் கேக்காத. கேட்டுச்சு.’

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. அம்மா ஓடிவந்து இறக்கி வைத்தாள். நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

‘அப்புறம்?’

‘அப்புறம் சரி பண்ணிட்டேன். வேலையாச்சே.’

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘சரிண்ணே’ என்றேன்.